முதலில் கரை, பிறகு வரைபடம்

தமிழகக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தைப் பற்றி மீனவர்கள் குறை சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது. அறிவியல் முறைப்படி வரைந்தோம், வரைவை வெளியிட்டோம், ஆட்சேபணைக்கு அவகாசம் தந்தோம், கருத்துக்கேட்புக் கூட்டமும் நடத்தினோம்; இதற்குமேல் என்ன வேண்டும்? விவரம் தெரிந்தவர்களே இந்தப் பதிலில் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். என்னால் முடியவில்லை. இவையெல்லாம் நடந்திருக்கலாம். நடந்த வரிசை தவறு.

இன்றைய முறையின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. சென்னையிலிருந்து இயங்கும் நிலைத்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம், உயர் அலைக் கோட்டை நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலால் வரையறுக்கிறது. அலையாத்திக் காடு, மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை ஆகியவை வரைபடத்தில் ஏறுகின்றன. வரைபடமே இல்லையென்றால் பணம் படைத்தவர் போடும் வேலிதான் எல்லையாகும்.

ஆனால் கடற்கரை என்பது இவை மட்டுமல்ல. மீனவக் கிராமங்கள், அவற்றின் பொது இடங்கள், மீன் உலர்த்தும் களங்கள், ஐஸ் ஆலைகள், பள்ளி, சாலை அனைத்தையும் உள்ளூர் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்கிறது 2019 ஜனவரி 18-ஆம் தேதியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. மீனவர்களின் நெடுங்கால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வேண்டும் என்றும் சொல்கிறது. 2023-ல் கடலோர மாவட்டங்களில் நடந்த கூட்டங்களில் மீனவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான்: எங்கள் ஊர் எங்கே, வலை காயும் இடம் எங்கே, வீட்டுத் திட்டம் எங்கே?

இவை வரைபடத்தில் விடுபடுவதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. வேலை தொடங்கும் இடத்திலேயே பிழை இருக்கிறது. செயற்கைக்கோள் கட்டடத்தைப் பார்க்கும், மரத்தைப் பார்க்கும், நீரைப் பார்க்கும். கரைவலை இழுக்க ஆட்கள் வரிசையாக நிற்கும் மணலை அது வெற்று மணலாகத்தான் பார்க்கும். மழைக்காலத்தில் கடல் கரையை அரித்து உள்ளே வரும்போது படகுகளை ஏற்றி வைக்க ஊர் ஒதுக்கியிருக்கும் இடமும் மற்ற மாதங்களில் வெறுமையாகவே கிடக்கும். அந்த இடங்களுக்குப் பட்டா கிடையாது. புறம்போக்கு என்றே வருவாய்ப் பதிவேடு சொல்லும். தலைமுறைகளாக அங்கே புழங்கிவருவது ஒன்றே ஊரின் ஆதாரம். அந்தப் புழக்கத்தை அறிய ஊரில் இறங்கிக் கேட்பதைத் தவிர வழியில்லை.

அளவையும் பாருங்கள். திட்டத்தின் முதன்மை வரைபடம் 1:25,000 அளவில் தயாராகிறது. அதில் ஒரு செ.மீ. என்பது தரையில் 250 மீட்டர். இருபது மீட்டர் அகலமுள்ள கருவாட்டுக் களம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 1:4,000 அளவுள்ள உள்ளூர் வரைபடத்தில்கூட அது ஐந்து மில்லிமீட்டர்தான். அங்கே அது இருக்கிறது என்று தெரிந்தவர் சொன்னால் ஒழிய, வரைபவர் கைக்கு அது வரவே வராது.

வரைந்து முடித்த பிறகு கூட்டம் கூட்டினால் என்ன ஆகிறது? தன் களம் தன்னுடையது என்று நிரூபிக்கும் சுமை மீனவர் தலையில் விழுகிறது. தன் ஊரைப் பற்றிச் சாட்சி சொல்லவேண்டியவர் ஆட்சேபணை மனுதாரர் ஆகிறார். மனுவைப் பெற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டிப் பதில் தருவதில்லை. எதை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்பது அவருக்குத் தெரியுமுன்பே கோப்பு ஒப்புதலுக்காக டெல்லிக்குப் போகிறது.

வரைபடத்தில் இல்லாமற்போவது சிறிய விஷயமல்ல. எண்ணூரில் கழிமுகத்தின் பெரும்பகுதியே கடலோர மண்டல வரைபடம் ஒன்றில் விடுபட்டிருந்தது 2017-ல் வெளியே வந்தது. அது ஆறு, கண்ணுக்குத் தெரிவது. அதற்கே அந்தக் கதி என்றால் வலை காயும் மணலுக்கு யார் காவல்?

2019 அறிவிக்கை இந்த ஆபத்தைப் பெருக்கியிருக்கிறது. சதுர கி.மீ.க்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரையில், கட்டுமானம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கும். உரிய கலந்தாய்வோடு உருவான திட்டம் ஒப்புதல் பெற்றால்தான் அது செல்லும் என்பது நிபந்தனை. ஆக, கலந்தாய்வை நம்பித்தான் 150 மீட்டர் கரை கைமாறுகிறது. அந்தக் கலந்தாய்வை ஒரு பிற்பகல் கூட்டமாகச் சுருக்குவதை எந்த வசதிக்காகவும் ஏற்க முடியாது.

ஊர் ஊராகப் போனால் காலம் ஆகும் என்பார்கள். மீன்வளத் துறைக் கணக்கில் கடலோர மீனவக் கிராமங்கள் 608. அறிவிக்கை வந்து நான்காண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் கருத்துக்கேட்பே நடந்தது. அத்தனை காலத்தில் 608 ஊர்களிலும் கரையை நடந்து அளந்திருக்கலாம். மனம்தான் இல்லை.

செய்யவேண்டியதில் புதிர் ஒன்றுமில்லை. ஊர்ப் பஞ்சாயத்தாரையும் மீன் விற்கும், கருவாடு போடும் பெண்களையும் அழைத்துக்கொண்டு கரையில் நடந்து பயன்பாட்டு இடங்களைக் குறிக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் படிக்க வேண்டும். அதன் மேல்தான் செயற்கைக்கோள் கோடு விழவேண்டும். ஆட்சேபணைகளுக்கு எழுத்தில் காரணத்தோடு பதில் தந்து, திருத்திய வரைவை மறுபடியும் மக்கள் முன் வைக்க வேண்டும். இந்த வரிசையில் உருவாகாத எந்தத் திட்டத்துக்கும், அதன் படங்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், ஒப்புதல் தரக் கூடாது.