நிற்கும் காரும் இறங்கும் பற்றரியும்

அதிகம் ஓடாத கார் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் உண்டு. யாழ்ப்பாணத்தில் அது நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ அமெரிக்காவில் இருக்கும் மகன் பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் கிளம்பும். இரண்டிலும் முதலில் கைவிடுவது பற்றரிதான். அதைக் காப்பாற்றும் பழக்கங்கள்தான் இரு ஊரிலும் வேறுபடுகின்றன.

பூட்டிய காரும் மின்சாரம் குடிக்கும். அலாரம், மணிக்கூடு, கணினிப் பெட்டி, ரிமோட் சாவிக்குக் காத்திருக்கும் கருவி எல்லாம் சேர்ந்து 50 மில்லி அம்பியர் வரை இழுக்கும் என்று வைப்போம். நாளுக்கு 1.2 அம்பியர் மணி. சிறிய காரில் இருப்பது 35 அம்பியர் மணிப் பற்றரி. இரண்டு கிழமையில் ஏறக்குறைய பாதி போய்விடும். எங்கள் வெக்கையில் பற்றரி தானாக இறங்குவதும் விரைவு. கார் நின்று சில மணித்தியாலங்களுக்குப் பிறகு மீற்றர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் நிறைவு, 12.2 பாதி. 12க்குக் கீழே நாட்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேற்று இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய பலம் திரும்பாது.

இதற்கு இரு நாட்டிலும் சொல்லப்படும் முதல் வைத்தியம் ஒன்றே: “கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் விடுங்கோ.” இதை நான் ஏற்கவில்லை. ஒரு கிழமையில் போனது 8 அம்பியர் மணிக்கு மேல். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் அதில் சிறு பங்குதான் திரும்பும். ஏசியும் போட்டிருந்தால் அதுவும் சந்தேகம். சூடேறாத என்ஜினின் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் ஈரம் தங்குவது கூடுதல் நட்டம். அரை மணித்தியாலமாவது ரோட்டில் ஓட வேண்டும். தமிழ்நாட்டில் 2020 ஊரடங்கு விலகிய பிறகு அது யாருக்கும் முடிந்த காரியம். இலங்கையில் 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல்தான். பற்றரிக்காக ஊர்சுற்ற யாருக்கு மனம் வரும்? நின்ற இடத்திலேயே சார்ஜ் ஏற்றும் வழியை எங்கள் ஆட்கள் தேடத் தொடங்கியதற்கு அந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் இந்தக் கவலை குறைவாக இருப்பதற்குக் கியர் பெட்டியும் காரணம். அங்கே ஆல்ட்டோ போன்ற கையால் கியர் மாற்றும் கார்கள் மிகுதி. பற்றரி இறங்கினால் தெருவில் நாலு பேர் தள்ளுவார்கள். இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். ஆனால் முழுதாகச் செத்த பற்றரியில் இன்றைய கார் தள்ளியும் கிளம்பாது. பெற்றோல் பம்புக்கும் கணினிக்கும் மின்சாரம் வேண்டும். திரும்பத் திரும்பத் தள்ளினால் எரியாத பெற்றோல் புகைக்குழாயில் உள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கெடுக்கும். இலங்கைக்கு யப்பானிலிருந்து வந்த விற்ஸ், அக்குவா, பிரியஸ் கார்கள் பெரும்பாலும் ஓட்டோ கியர். ஓட்டோ கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவே முடியாது.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். அதில் ஒல்டனேற்றர் கிடையாது. பெரிய பற்றரிதான் சிறிய 12 வோல்ட் பற்றரிக்கு ஊட்டும், அதுவும் ‘ரெடி’ விளக்கு எரியும்போது மட்டும். பாட்டுக் கேட்க, ‘ரெடி’ ஆகாத ஏசிசி (ACC) நிலையில் விட்டால் இறங்கிக்கொண்டே போகும். ‘ரெடி’யில், கியரைப் பார்க்கில் வைத்து ஒரு மணித்தியாலம் விட்டால், என்ஜின் தேவைக்கு மட்டும் இயங்கி வேலையை முடிக்கும், சாதாரண காரை ஐடிலில் விடுவதைவிட இது எவ்வளவோ மேல். பல பிரியஸ்களில் 12 வோல்ட் பற்றரி டிக்கியில் இருக்கிறது. அதன் வாயு ஒரு மெல்லிய குழாய் வழியாக வெளியே போகும். விலை குறைவென்று குழாய் இல்லாத பற்றரியை அங்கே வைப்பதை எந்தக் கராஜ் சொன்னாலும் கேட்கக் கூடாது.

மாதக்கணக்கில் ஊரில் இல்லாதவர்களுக்கு நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுவது செலவில்லாத வழி. 10ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். தமிழ்நாட்டில் தயங்காமல் செய்கிறார்கள். எங்கள் ஊரில் தயக்கம் உண்டு, காரணமும் உண்டு: யப்பானிலிருந்து வந்த சில டொயோட்டா ரேடியோ செற்றுகள் மின்சாரம் போய் வந்ததும் வரைபட எஸ்டி காட்டையோ கடவுக் குறியீட்டையோ கேட்டு அடைத்துக்கொள்ளும். பிரியஸில் டிக்கியின் பூட்டும் மின்சாரத்தில் இயங்குவது; வயரைக் கழற்றி மூடினால் வெளியிலிருந்து திறக்காது. அதனால் என்ஜின் பக்கம் உள்ள பிளஸ் முனையை முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது.

நான் சிபாரிசு செய்வது, நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் சிறிய சார்ஜரை. 14.4 வோல்ட் வரை ஏற்றி, பிறகு 13.5 அளவில் தாங்கி நிற்கும். பழைய டிரான்ஸ்போமர் சார்ஜரை இரவு முழுக்க விட்டால் உள்ளே தண்ணீர் பிரிந்து ஐதரசன் வரும். மூடிய வகைப் பற்றரியில் அந்தத் தண்ணீரை மீண்டும் ஊற்றவும் முடியாது. சுவிட்சைப் போடுமுன் சிவப்பு பிளஸிலும் கறுப்பு என்ஜின் இரும்பிலும் பொருந்த வேண்டும். கழற்றும்போது முதலில் சுவிட்ச். கராஜ் கதவு திறந்திருக்கட்டும், டிக்கியில் பற்றரி என்றால் டிக்கியும்.

யாழ்ப்பாணத்து வளவில் விறாந்தை பிளக்கிலிருந்து வயர் இழுத்தால் காரியம் முடிந்தது. சென்னை அடுக்கு மாடியில் கார் நிற்கும் தூண் பக்கம் பிளக் இல்லை. இருந்தாலும் பொது மீற்றர். கொழும்பின் வெள்ளவத்தைத் தொடர்மாடியிலும் இதே கதைதான். ஆகவே நாட்டைவிட வீட்டின் அமைப்பே இங்கே பெரிய வேறுபாடு. ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் தனி மீற்றருடன் ஒரு பிளக் கேட்டு இரு ஊர்த் தொடர்மாடிச் சங்கங்களிலும் இப்போதே பேச வேண்டும். மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்களும் சேர்ந்து கேட்பார்கள்.