பற்றறியும் யதார்த்தமும்: ‘சப்நோட்டிக்கா’ பற்றிய ஒரு நோக்கு

பற்றறி தீர்ந்துபோவது ஒரு கலைப்படைப்பின் பொருளாக முடியுமா? காதலையும் வீரத்தையும் அவலத்தையுமே கலைக்குரிய பொருள்களாகக் கொள்ளப் பழகிய நம்மிற் பலருக்கு இவ்வினா நகைப்பை விளைவிக்கலாம். கணினி விளையாட்டை விமர்சனத்துக்குரிய ஒன்றாகக் கருதுவதற்கே நம் எழுத்தாளரிற் பலர் இன்னும் ஆயத்தமாக இல்லை. ஆனால் நம்மிடம் கற்கும் மாணவர்கள் நாவலோடு கழிக்கும் நேரத்திலும் பன்மடங்கு நேரத்தை இவ்விளையாட்டுக்களோடு கழிக்கின்றனர். உலகைப் பற்றிய ஏதோ ஒரு நோக்கை இவை அவர்தம் உள்ளத்திற் பதிக்கின்றன. அந்நோக்கு எத்தகையதென ஆராயாது ‘விளையாட்டுத்தானே’ என்று ஒதுக்கிவிடுவது விமர்சகனுக்கு அழகன்று.

‘சப்நோட்டிக்கா’வை நாம் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் அதன் கதையன்று. அதில் வரும் கருவிகளும், அக்கருவிகள் மின்சக்தியை உண்ணும் விதமுமே நம் கவனத்தை ஈர்த்தன. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த அன்நோன் வேர்ல்ட்ஸ் நிறுவனத்தின் ஆக்கம் இது. 2014 டிசெம்பரில் முற்றுப்பெறாத நிலையிலேயே விற்பனைக்கு வந்து, ஆடியோரின் கருத்துக்களைக் கேட்டுத் திருத்தப்பெற்று, 2018 ஜனவரி 23ஆந் திகதி முழுவடிவம் எய்திற்று. அல்டெரா என்னும் பெருங் கம்பனிக்குச் சொந்தமான ‘அரோரா’ என்ற விண்கலம், 4546பி எனப்படும் கடல்மயமான கோள் ஒன்றில் வீழ்ந்து சிதைகிறது. உயிர்காப்புக் கூடு ஒன்றினுள் ஒருவன் தப்புகிறான். மீன் பிடித்து, செப்புக்கல் பொறுக்கி, கருவி செய்து, கடலடியில் வீடு கட்டி, ஈற்றில் ஓர் ஏவுகலத்தை அமைத்து அவன் அக்கோளை விட்டுப் புறப்படுவதே கதை.

அவன் பெயர் றைலி றொபின்சன். 1719இல் டானியல் டீபோ படைத்த றொபின்சன் குறூசோவின் வழித்தோன்றல் இவன் என்பதைப் பெயரே காட்டிவிடுகிறது. பொருளியலாளருக்கு றொபின்சன் கதையில் இருந்த மோகத்தைக் கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியான ‘மூலதனம்’ நூலிலேயே சுட்டிக்காட்டிவிட்டார். சமுதாயத்திலிருந்து பிரிந்த தனிமனிதன் தன் உழைப்பாலேயே யாவற்றையும் படைத்துக்கொள்கிறான் என்பது அக்கதையின் மாயை. குறூசோவுக்காவது பிறைடே என்றோர் ஏவலாள் கிடைத்தான். இந்த றொபின்சனுக்குத் துணை, கையிலுள்ள சிறு கணினியிலிருந்து ஒலிக்கும் கம்பனியின் குரல் மட்டுமே. கப்பலில் இவன் வகித்த பதவியும் கவனிக்கத்தக்கது. அத்தியாவசியமல்லாத கருவித் தொகுதிகளின் பராமரிப்புக்குப் பொறுப்பாளன் இவன். அதாவது, எது பழுதானால் யாரும் பெரிதும் கவலைப்படமாட்டார்களோ அதைத் திருத்துபவன். இப்படியொருவனை நாயகனாக்கியதில் ஆக்கியோரின் கிண்டல் தெரிகிறது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். ஆட்டத்தின் தொடக்கத்தில் மனிதனின் மூச்சு 45 விநாடிக்கே போதுமானது. உயிர்காப்புக் கூட்டில் பொருள்களை ஆக்கித்தரும் பொறியொன்று உண்டு. சில பொருள்களைச் செய்தவுடன் கூட்டின் மின்சக்தி குன்றிவிடும். பகலொளியில் அது மெல்ல மெல்ல நிரம்பும்வரை காத்திருத்தல் வேண்டும். கைவிளக்கு, பழுதுபார்க்கும் கருவி, வீடமைக்கும் கருவி, நீந்துவதற்கு உதவும் ‘சீகிளைட்’ என யாவும் பற்றறியால் இயங்குவன. ஒரு பற்றறிக்கு இரண்டு அமிலக் காளான்களும் ஒரு செப்புக்கல்லும் வேண்டும். அதன் கொள்ளளவு 100 அலகு. இரண்டு பற்றறிகளையும், கடற்கொடியின் விதையிலிருந்து பெறும் சிலிக்கன் றப்பரையும் சேர்த்தால் ஊர்திகளுக்குரிய மின்கலம் ஆகும்; அது 200 அலகு கொள்ளும். சீமோத் என்ற சிற்றூர்திக்கு மின்கலம் ஒன்று; பிறோன் என்ற நடக்கும் கவசத்துக்கு இரண்டு; சைக்கிளோப்ஸ் என்ற பெரிய நீர்மூழ்கிக்கு ஆறு. மின்னேற்றும் பொறியின் வரைபடத்தைக் கண்டெடுக்கும்வரை தீர்ந்த பற்றறியை ஒன்றும் செய்யவியலாது. நம் பெட்டகத்தில் அவ்வாறு சேர்ந்த வெற்றுப் பற்றறிகளை எண்ணிப்பார்த்தபோது, ஒவ்வொன்றின் பின்னாலும் நாம் காளான் பறித்த ஒரு பொழுது இருந்தமை நினைவுக்கு வந்தது.

இதுவே இப்படைப்பின் முதற் சிறப்பு. நாம் நித்திய வாழ்வில் ஆளியை அழுத்துகிறோம், விளக்கு எரிகிறது. அவ்வொளி எங்கிருந்து வந்தது, யார் உழைப்பில் வந்தது என்பது சுவருக்குள் மறைந்துகிடக்கிறது. சப்நோட்டிக்காவில் அச்சுவர் இல்லை. ஆழம் செல்லச் செல்லச் சூரியத் தகடுகள் பயனிழக்கின்றன; இரவில் அடியோடு ஓய்ந்துவிடுகின்றன. உயிரியல் உலை, நாம் பிடித்துப்போடும் மீனையும் தாவரத்தையும் சக்தியாக மாற்றுகிறது. வெப்ப நிலையத்தை எரிமலை வாயில்களின் அருகிலேயே அமைக்க முடியும். முதன்முறை ஆடியபோது, ஆழமற்ற இடத்தில் இரண்டு சூரியத் தகடுகளை மட்டும் நம்பி, கடல்நீரைக் குடிநீராகவும் உப்பாகவும் பிரிக்கும் பொறியொன்றை நிறுவினோம். அன்றிரவே வீட்டின் விளக்குகள் மங்கின. பிராணவாயு உற்பத்தி நின்றுவிட்டதெனக் கம்பனியின் குரல் அமைதியாக அறிவித்தது. ஒரு குவளை நீருக்காக மூச்சை விலையாகக் கொடுத்திருந்தோம்! சக்தி என்பது எங்கிருந்தோ வருவது, எதையோ கொடுத்துப் பெறுவது என்ற உண்மையைப் பல பக்க வருணனையிலும் பார்க்க அந்த ஓர் இரவு நன்கு உணர்த்திற்று. உள்ளடக்கம் உருவத்திலிருந்து பிரிக்கவியலாதது என்று நாம் அடிக்கடி கூறுவதன் பொருளும் இதுதான்.

சைக்கிளோப்ஸ் இவ்வகையில் நுட்பமான படைப்பு. அதற்கு மூன்று வேகங்கள். மெதுவாகச் சென்றால் ஓசையும் குறைவு, செலவும் குறைவு. முழுவேகத்தில் விட்டால் இயந்திரம் கொதித்துத் தீப்பிடிக்கும். ஓசை கேட்டு இராட்சத விலங்குகளும் வரும். ஓசையின்றிச் செல்லும் ஏற்பாடும் உண்டு, ஆனால் அது மின்கலங்களை விரைவில் உறிஞ்சிவிடும். அவசரத்துக்கும் ஒரு விலை, மௌனத்துக்கும் ஒரு விலை. எரிமலைக் குழம்பு உறைந்துகிடக்கும் ஆழப் பிரதேசத்தை அடைந்ததும், புழுப்போன்ற சிறு பிராணிகள் கலத்தின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு அதன் மின்சக்தியையே குடிக்கின்றன. அவை கடிப்பதில்லை, துரத்துவதில்லை. அளவுமானி இறங்குவதைக் கண்டே அவை வந்திருப்பதை நாம் அறிகிறோம். பிறர் உழைப்பை உறிஞ்சி வாழ்வோருக்கு இதனினும் பொருத்தமான உருவகத்தை அண்மைக் காலத்தில் நாம் கண்டதில்லை. ஆக்கியோர் அதை உருவகமாக நினைத்திருந்தாலென்ன, நினையாதிருந்தாலென்ன!

பிறிதொரு நற்பண்பையும் குறிப்பிடல் வேண்டும். இவ்விளையாட்டில் துவக்கு இல்லை. 2012 டிசெம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பாடசாலையில் நடந்த படுகொலையும் அம்முடிவுக்கு ஒரு காரணமென நெறியாளர் சார்லி கிளீவ்லாண்ட் கூறியுள்ளார். விலங்கைச் சிறிதுநேரம் அசைவற்று நிறுத்தும் கருவியொன்று உண்டு. அதுவும் பற்றறியைத் தின்றே வேலைசெய்கிறது. பாடசாலையிற் பணிபுரியும் நமக்கு இம்முடிவு பெரிதும் உவப்பானது. ஆயினும் சுடாத கையால் மீன்களைத் தொட்டியில் வளர்த்து, கூட்டங் கூட்டமாக உயிரியல் உலைக்குள் இடுவதற்கு இதே விளையாட்டு நம்மைப் பழக்குகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இவ்வளவு நேர்மையோடு தொடங்கிய படைப்பு அந்நேர்மையை இறுதிவரை காத்ததா? இல்லை என்பதே நம் முடிபு. கருவிகளின் சில விசித்திரங்களைப் பார்ப்போம். ஒரு மீனைச் சமைப்பதற்கும் அணு உலைக்குரிய கோலொன்றைச் செய்வதற்கும் ஆக்கும் பொறி அதே 5 அலகையே எடுத்துக்கொள்கிறது. கடலில் மிதக்கும் ஊர்தி கட்டும் மேடை மின்கலமொன்றை உள்ளடக்கிச் செய்யப்படுவது. ஆனால் முழு நீர்மூழ்கியையே கட்டிமுடித்தாலும் ஓர் அலகும் செலவிடாது. வெட்டிய மாத்திரத்தில் மீனைச் சமைத்தும் தந்துவிடும் வெப்பக் கத்தி, செய்யும்போது ஒரு பற்றறியை விழுங்கிவிட்டு, பின் என்றுமே மின்னேற்றம் கேட்பதில்லை. கட்டிய வீட்டைக் கலைத்தால் போட்ட பொருள் முழுவதும் சேதமின்றித் திரும்பக் கிடைக்கிறது. இவை ஆட்டத்தின் வசதிக்காகச் செய்யப்பட்டவை எனச் சமாதானம் கூறலாம். நாமும் அதை ஓரளவு ஏற்போம். மீன் சமைப்பதற்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் எவன் ஆடுவான்? ஆனால் அணுக்கழிவின் சங்கதி அத்தகையதன்று. எரிந்து தீர்ந்த கோல்களை அதற்கென்றுள்ள கூடையில் இட்டால் அவை மறைந்துபோகின்றன. மண்ணிலும் இல்லை, நீரிலும் இல்லை, இல்லாமலே போய்விடுகின்றன. சக்தி எங்கிருந்து வருகிறதென்பதை இவ்வளவு பாடுபட்டுக் காட்டியவர்கள், அதன் எச்சம் எங்கே போகிறதென்ற வினா எழுந்ததும் கூடையை மூடிவிட்டனர்.

இதனினும் பெருங் குறை பிற்பகுதியில் வருகிறது. அக்கோளில் முன்னொரு காலம் வேற்றுலக நாகரிகமொன்று ஆய்வு நிலையங்களை அமைத்திருந்தது. கறா என்ற கொடிய கிருமியால் அது அழிந்தது. எரிமலையின் வெப்பத்தைச் சக்தியாக மாற்றிய அவர்களுடைய நிலையமொன்று ஆழத்தில் இருக்கிறது. அங்கே நாயகன் அயன் பற்றறியின் இரகசியத்தைக் கண்டெடுக்கிறான். அப்பற்றறி 500 அலகு, அவ்வகை மின்கலம் 1000 அலகு. அவ்வளவுதான், அதன்பின் அளவுமானியை யாரும் பார்ப்பதில்லை. சூரியத் தகடு, மீன் உலை, மெதுவாகச் செல்லும் பொறுமை எல்லாம் ஒரு பச்சைப் படிகத்தின் முன் அர்த்தமிழந்துவிடுகின்றன.

நாம் இவ்வாறு கூறக்கேட்ட நண்பர் ஒருவர் வலுவான மறுப்பொன்றை முன்வைத்தார். “தேவையின் பிடியிலிருந்து மனிதன் விடுபடுவதைத்தானே முற்போக்காளர் விரும்புகிறோம்? பற்றறி எண்ணும் வாழ்வை நிரந்தரமாக்க வேண்டுமென்கிறீரா? வறுமையைக் கலையழகென்று போற்றுவது பிற்போக்கல்லவா?” என்பது அவர் வாதம். வறுமையைப் போற்றுவது நம் நோக்கமன்று. கணக்குப் பார்க்கத் தேவையில்லாத நிறைவு வரட்டும். ஆனால் அது எவ்வழியில் வருகிறது என்பதே வினா. இங்கே அது கூட்டு உழைப்பால் வந்ததன்று. படிப்படியான அறிவு வளர்ச்சியால் வந்ததுமன்று. இறந்தோர் வீட்டிற் கண்டெடுத்த சொத்தாக வந்தது. அதைப் படைத்தவர்கள் பற்றி, எவ்வாறு அதை எய்தினர், தம்முள் எவ்வாறு பகிர்ந்துகொண்டனர் என்பவை பற்றி நாயகனுக்கு ஒரு கேள்வியும் எழுவதில்லை. குறூசோ உடைந்த கப்பலிலிருந்து கருவிகளை எடுத்துவந்ததுபோல இவனும் எடுத்துவருகிறான். முதற் பாதியில் அரும்பாடுபட்டு உடைக்கப்பட்ட றொபின்சன் மாயை, இரண்டாம் பாதியில் மெதுவாகப் பின்வாசலால் நுழைந்துவிடுகிறது.

கதையின் முடிவையும் இவ்வொளியிலேயே நோக்குதல் வேண்டும். ஏவுகலத்திற் புறப்பட்டுத் தாயகத்தை அணுகும் நாயகனுக்குக் கம்பனி நல்வரவு கூறுகிறது. ஆனால் அக்கோளில் அவன் பயன்படுத்திய வளங்களுக்காக ஒரு இலட்சம் கோடி நாணயம் கடன்பட்டிருப்பதாகவும், அதைத் தீர்த்த பின்னரே இறங்க அனுமதி கிடைக்குமென்றும் அறிவிக்கிறது. அவன் தோண்டிய செப்பும் பறித்த காளானும் கம்பனிக்குச் சொந்தம்! ஆடியோரிற் பெரும்பாலோர் இதைக் கேட்டுச் சிரிக்கின்றனர். சிரிக்கவேண்டியதுதான், முதலாளித்துவத்தின் சொத்துரிமைத் தத்துவத்தை ஒரே வசனத்தில் இவ்வளவு கூர்மையாகக் கிண்டல்செய்த படைப்புக்கள் சிலவே. ஆனால் அச்சிரிப்போடு கோபமும் வந்திருத்தல் வேண்டும். ஒவ்வோர் அலகையும் எண்ணி வாழ்ந்தவனிடமே அக்கணக்குச் சீட்டு நீட்டப்பட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். அயன் மின்கலம் வந்தபின் எண்ணுவதை மறந்தவனிடம் அது நீட்டப்படுகிறது. ஆகவே அங்கதமாக எழுந்திருக்க வேண்டியது பகிடியாகக் கழிந்துவிடுகிறது.

இவ்வளவும் கூறியபின் நம் தீர்ப்புக்கு முழுதும் இணங்காத ஒன்றையும் சொல்லாதுவிடுவது நேர்மையாகாது. புறப்படுமுன் ஏவுகலத்தில் ஒரு சிறு பேழையை விட்டுச்செல்ல நாயகனுக்கு இடமுண்டு. அதனுள் ஒரு செய்தியும் ஆறு பொருள்கள்வரையும் வைக்கலாம். எங்கோ ஒரு நாட்டில், தன் முதற் பற்றறிக்குக் காளான் தேடிக்கொண்டிருக்கும் வேறொருவர் கடலடியில் அதைக் கண்டெடுக்கிறார். வைத்தவர் பெற்றவரை அறியார். பெற்றவர் நன்றி கூறவும் வழியில்லை. மனிதரே இல்லாத அந்தக் கடலில் மனிதர் மனிதருக்குக் கொடுக்கும் ஒரே பொருள் இதுதான். கம்பனியின் கணக்கிலும் இது வருவதில்லை. நாம் ஆடியபோது சீமோத்தின் மின்கலம் குறைந்திருந்த ஒரு வேளையில் அத்தகைய பேழையொன்று கிடைத்தது. திறந்து பார்த்தோம். முழுமையாக மின்னேற்றிய கலங்கள் இரண்டு இருந்தன.