சிலம்பா, விரியனா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்தில் இரண்டு பேச்சுகள் எழும். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்பது ஒன்று. கூட்டத்தில் கழுத்துச் சங்கிலி பத்திரம் என்பது மற்றொன்று. இரண்டாவது பேச்சு, ஊருக்குப் புதிதாய் வந்து கூடாரம் அடித்தவர் யார் என்ற கேள்வியில் போய் முடிவதுண்டு. அக்கேள்வியை மனத்திற் கொண்டு திருக்குற்றாலக் குறவஞ்சியை மீண்டும் படித்தோம்.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய இந்நூலின் நாட்டுவளப் பகுதி, அச்சமற்ற ஒரு நாட்டைக் காட்டுகிறது. ஓட்டம் புனலுக்கும், ஒடுக்கம் யோகியர் மனத்துக்கும், வருத்தம் கருவுற்ற சங்குக்கும் உரியவை, குடிமக்களுக்கு அல்ல.

ஆனால் அதே நூலில் ஐயமும் நுழைகிறது. நெடுநாள் பிரிந்திருந்த சிங்கியைக் கண்ட சிங்கனுக்கு அவள் காற்சிலம்பு விரியன் பாம்பாகத் தோன்றுகிறது. ஏழையின் உடலில் பொன்னைக் கண்டால் பிறக்கும் அச்சத்தைக் கவிஞர் நகைச்சுவையாக்கிவிட்டார். அவள் ஒவ்வோர் அணிக்கும் கணக்குச் சொல்கிறாள்: இன்ன நாட்டில் குறி சொன்னதற்குப் பெற்ற பரிசு இது என்று. சிங்கன் கேட்டான், அவளும் அஞ்சாமல் விடை தந்தாள். இப்பகுதியின் சிறப்பு அதுவே. எனினும் ஒரு குறையையும் சொல்லவேண்டும். உழைத்துப் பெற்றவள் தன் நேர்மையைத் தானே மெய்ப்பிக்க நேர்வதைப் பற்றிக் கவிஞர் கவலைப்படவில்லை.

வரலாறு இதனினும் கொடியது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன் பட்டியலில் குறவரும் சேர்க்கப்பட்டனர். கைரேகை பதியவும், ஊர் விட்டு ஊர் செல்லச் சீட்டுப் பெறவும் நேர்ந்தது. சிங்கி நாடு நாடாய் நடந்ததைக் காவியம் பெருமையாகப் பாடிற்று. சட்டம் அந்நடையையே குற்றமாக்கிற்று. சென்னையில் 1947இலும், நாடெங்கும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. ஐயம் நீங்கிற்றா?

காவல் வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. 2019 ஆகஸ்டில் கடையம் அருகே, அரிவாளோடு வந்த முகமூடிக் கொள்ளையரை முதிய தம்பதியர் நாற்காலிகளை வீசி விரட்டியதை வீட்டுக் கேமரா பதிவு செய்தது. அத்தகைய வீடுகளுக்குப் பாதுகாப்பு தேவைதான். ஆனால் கேமரா காட்டுவது செயலை. நாம் தேடுவதோ பெரும்பாலும் குலத்தை. சாரல் காலத்தில் ஒரு நகை காணாமற் போகும்போது, கூடாரத்தை நோக்கிக் கை நீட்டுமுன், சிங்கன் செய்த அளவுக்கேனும் கேட்டுத் தெளிய நாம் கற்றிருக்கிறோமா என்பதை எண்ணிப் பார்ப்போம்.