மாநில உரிமையா, அடிமை உரிமையா?

அமெரிக்க உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காக மூண்டது, அடிமைமுறைக்காக அல்ல என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எடுத்த எடுப்பில் தள்ளிவிடக்கூடிய வாதமும் அல்ல. 1832இல் மத்திய அரசின் சுங்கவரிச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது தென் கரோலினா. 1860 தேர்தலில் வென்ற லிங்கனோ, அடிமைமுறை உள்ள மாநிலங்களில் அதில் கைவைக்கமாட்டேன் என்றே சொல்லிவந்தார். பிறகு தெற்கு ஏன் பிரிந்தது?

இந்த வாதத்தை உரசிப் பார்க்க 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் போதும். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை இல்லை. அவரை உரிமையாளரிடம் திருப்பி அனுப்பினால் விசாரணை ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர். விடுவித்தால் 5 டாலர். இந்தச் சட்டம் செல்லாது என்று விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1859இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. இங்கே மாநில உரிமை பேசியது வடக்கு. மத்திய அதிகாரத்தின் பக்கம் நின்றது தெற்கு.

1860இல் சார்ல்ஸ்டனில் ஜனநாயகக் கட்சி மாநாடு உடைந்ததும் இதே போக்கில்தான். புதிய நிலப்பகுதிகளில் குடியேறியவர்களே அடிமைமுறை பற்றி முடிவு செய்யட்டும் என்றார் அக்கட்சியின் வடக்கத்தியத் தலைவர் டக்ளஸ். தெற்கத்தியப் பிரதிநிதிகளோ அங்கெல்லாம் மத்திய அரசே அடிமைச் சொத்தைக் காக்க வேண்டும் என்றார்கள். அது ஏற்கப்படாததால் பலர் வெளியேறினார்கள். பிரிந்தவர்கள் 1861இல் எழுதிக்கொண்ட அரசியல் சட்டமும், அடிமைகளுடன் எந்த மாநிலத்துக்கும் சென்று தங்கும் உரிமையைத் தந்தது. அதைத் தடுக்கும் உரிமை மாநிலங்களுக்கு இல்லை.

சுங்கவரிதான் காரணம் என்பதும் நிற்காது. 1857இல் வரி குறைந்திருந்தது. அதை உயர்த்திய சட்டம் 1861இல் நிறைவேறியபோது ஏழு மாநிலங்கள் ஏற்கெனவே பிரிந்திருந்தன.

அடிமைமுறை பரவுவதை மட்டுமே லிங்கன் எதிர்த்தார். தெற்குக்கு அதுவே பேராபத்தாகப் பட்டது. கலிபோர்னியா, மின்னசோட்டா, ஆரகன் ஆகியவை அடிமைமுறையற்ற மாநிலங்களாகச் சேர்ந்ததில் செனட் சமநிலை முன்பே குலைந்திருந்தது. சுமார் 40 லட்சம் மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்த ஓர் அமைப்பு, அரசு தன் கையைவிட்டுப் போவதைப் பொறுக்கவில்லை.

பிரிந்த அரசின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று 1861 மார்ச்சில் சவானாவில் பேசினார். தோற்ற பிறகு எழுதிய நூலில் அவரே அரசியல் சட்டத் தகராறுதான் காரணம் என்றார். போருக்கு முந்தைய சொல்லுக்கே சாட்சி மதிப்பு அதிகம். பிந்தையது தோல்விக்குத் தேடிய கௌரவம்.

வடக்கையும் புனிதப்படுத்த வேண்டியதில்லை. தொடக்கத்தில் அது போரிட்டது ஒன்றியத்தைக் காக்க. விடுதலைப் பிரகடனம் 1863இல்தான் வந்தது. ஆனால் வடக்கு ஏன் போரிட்டது என்பது வேறு கேள்வி, தெற்கு ஏன் பிரிந்தது என்பது வேறு கேள்வி. மாநில உரிமை வாதம் இரண்டையும் குழப்பித்தான் பிழைக்கிறது. பிரிவினைக்குக் காரணம் அடிமைமுறை. மாநில உரிமை, அதற்கு உதவியபோது தெற்கு எடுத்து, உதவாதபோது கீழே போட்ட கருவி.