அபயமும் வரையறையும்: 1809ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு பெயரெச்சத் தொடர்

1808 டிசம்பரில், திருவிதாங்கூர்த் திவான் வேலுத்தம்பியும் மட்டாஞ்சேரியில் அரண்மனை கொண்டிருந்த கொச்சி அரசின் அமைச்சர் பாலியத்தச்சனும் இணைந்து, கொச்சியில் ஆங்கிலேய ரெசிடெண்டு காலின் மெக்காலேயின் இல்லத்தைத் தாக்குவித்தனர். 1809 ஜனவரியில் வேலுத்தம்பி வெளியிட்ட குண்டறை விளம்பரம், கும்பினி ஆட்சியால் கோயில்களுக்குக் கேடு நேரும் என எச்சரித்தது. அதே மாதம் சென்னை அரசு வெளியிட்ட ஆங்கில அறிக்கையோ, அமைதியாக நடக்கும் குடிகள் படைவரவு கண்டு அஞ்சவேண்டியதில்லை எனவும், சமய நிலையங்கள் மதிக்கப்படும் எனவும் உறுதி கூறியது.

'அமைதியாக நடக்கும் குடிகள்' என்னும் தொடர் ஈண்டு ஆராயத்தக்கது. ஆங்கில மூலத்தில் அடைத்தொடர் பெயரை வரையறுக்கிறது. அபயம் அமைதி காப்போர்க்கு மட்டுமே உரியது. தமிழ்ப் பெயரெச்சமோ வரையறுத்தல், விளக்குதல் ஆகிய இரண்டிற்கும் பொதுவானது. எனவே, குடிகள் அனைவருமே அமைதியானவர் என்றும் இத்தொடர் பொருள்படக்கூடும்; அவ்வாறாயின் மூலத்திலுள்ள அச்சுறுத்தல் மறைந்துவிடும். 'குடிகளுள் அமைதியாக நடப்போர்' எனப் பெயர்ப்பதே பொருத்தமாகும்.

கிளர்ச்சிக் காலத்தில் நம்பிக்கையூட்டும் ஆட்சிமொழியை மதிப்பிடுவோர், அது யாருக்கு அபயம் அளிக்கிறது என்பதோடு யாரை விலக்குகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பும் அதுவே.