நட்சத்திர உடலும் நம் பிள்ளைகளும்

பார்த்துக் கற்பது மனித இயல்பு. நடையும் மொழியும் நாணமும் சினமும் குழந்தை பிறரைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. ஆகவே, உடல் பருத்த பிள்ளைக்கு மெலிந்த நடிகர் ஒருவரின் படத்தைக் காட்டி, "இவரைப் பார், நீயும் இப்படி ஆகலாம்" என்று பெற்றோர் கூறுவதில் வியப்பில்லை. ஏடுகளும் கைப்பேசிகளும் இதையே நாள்தோறும் செய்கின்றன. ஒருபுறம் பழைய படம், மறுபுறம் புதிய படம். மேலே, இத்தனை கிலோ குறைந்தார் என்னும் தலைப்பு. இம்முறை பிள்ளைகளுக்கு நன்மை தருவதுதானா என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் அத்தகைய இரு படங்களை ஒட்டியவன் நானே. தொடக்கநிலை ஐந்தில் பயின்ற மாணவி ஒருத்தி அவற்றின் முன் நெடுநேரம் நின்றாள். "ஐயா, இவர் என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. "குறைவாகச் சாப்பிட்டிருப்பார், அம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் சென்றேன். இரண்டு வாரம் சென்று, காலைக் கூட்டத்தில் கொடி ஏற்றும்போது அப்பிள்ளை மயங்கி விழுந்தாள். காலை உணவையும் இடைவேளை உணவையும் அவள் பல நாள்களாகத் தொடவில்லை என்பதைப் பிறகே அறிந்தோம்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் ஆல்பர்ட் பண்டூராவின் பெயரைக் கேட்டிருப்பர். 1961இல் பொம்மையை அடிக்கும் பெரியவர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி ஆய்வு நடத்தியவர் அவர். பார்த்துக் கற்பதற்கு நான்கு படிகள் உண்டு என்று அவர் வகுத்தார்: கவனித்தல், நினைவில் இருத்தல், தானும் செய்தல், செய்ய ஊக்கம் பெறுதல். நட்சத்திரத்தின் படம் கவனத்தை ஈர்க்கும், நினைவிலும் நிற்கும், ஊக்கமும் தரும். ஆனால் தானும் செய்வதற்குரிய செயல் அப்படத்தில் எங்கே இருக்கிறது? முடிவு மட்டுமே காட்டப்படுகிறது. முயற்சி திரைக்குப் பின் நிற்கிறது. வழி தெரியாத பிள்ளை தன் கைக்கு எட்டிய ஒரே வழியாகிய பட்டினியைப் பற்றிக்கொள்கிறது.

இம்மயக்கத்தைக் கண்டிக்க எழுந்த தமிழ்ப் படம் ஒன்று உண்டு. பிரகாஷ் கோவேலமுடி இயக்கி, 2015 நவம்பரில் வெளிவந்த 'இஞ்சி இடுப்பழகி' அது. பருத்த உடலுடைய ஸ்வீட்டி என்னும் பெண்ணாக அனுஷ்கா நடித்தார். மகளின் திருமணத்தை எண்ணிக் கவலையுறும் தாயாக ஊர்வசியும், மெலியவைக்கும் நிலையத்தின் உரிமையாளராகப் பிரகாஷ் ராஜும் வருகின்றனர். தோழி ஒருத்தி அந்நிலையத்தை நம்பி நோயுறவே, ஸ்வீட்டி அதை எதிர்த்துக் கிளம்புகிறாள். மெலிவு ஒரு வாணிகப் பொருளாகிவிட்டது என்பதைத் துணிந்து கூறியமைக்காகவும், தாயின் கவலையை இழிவு செய்யாமல் காட்டியமைக்காகவும் இப்படத்தைப் பாராட்டலாம்.

ஆயினும் இரண்டு குறைகள் உள. நட்சத்திர உடலை நம்பாதே என்னும் அறிவுரையைச் சொல்லவும் நட்சத்திரங்களையே அழைத்து வந்தது முதற்குறை. நாகார்சுனா, ஜீவா, தமன்னா எனப் பலர் தாமாகவே தோன்றி ஸ்வீட்டியின் இயக்கத்திற்குத் துணை நிற்கின்றனர். பிள்ளையின் கண் மீண்டும் அவர்கள் இடுப்பின் மேல்தானே செல்லும்? இரண்டாவது குறை பெரிது. இந்த வேடத்திற்காகவே அனுஷ்கா உடல் எடையைக் கூட்டினார். பின்னர் 2017இல் 'பாகுபலி' இரண்டாம் பாகத்தில் அரசகுமாரியாக வந்தார். 2015 சனவரியில் வெளிவந்த 'ஐ' படத்திற்காக விக்ரம் உடலைப் பெருக்கியும் மெலித்தும் காட்டினார். நடிகருக்கு உடல் ஒரு தொழிற்கருவி. அதை மாற்ற ஊதியம் உண்டு; பயிற்சியாளர் உண்டு; அதற்கென ஒதுக்கிய மாதங்கள் உண்டு. இவ்வுண்மையை ஸ்வீட்டியின் கதைக்குள் ஒரு காட்சியாகவேனும் வைத்திருந்தால், படம் நம் பிள்ளைகளுக்குப் பெரிய பாடமாகியிருக்கும்.

நட்சத்திரமே வழி தவறுவதும் உண்டு. நம் சிங்கப்பூரில் 2002இல் தொலைக்காட்சி நடிகை ஆண்ட்ரியா டி குரூஸ் 'சிலிம் 10' என்னும் மெலிவு மாத்திரையை உண்டு கல்லீரல் செயலிழந்தார். பின்னாளில் அவரை மணந்த நடிகர் தம் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்ததால் உயிர் பிழைத்தார். அதே மாத்திரையை உண்ட வேறொரு பெண்ணோ இறந்துபோனார். 1997இலேயே அமெரிக்கச் சந்தையிலிருந்து இதயக்கேடு காரணமாக விலக்கப்பட்ட ஃபென்ஃபுளூரமின் அம்மாத்திரையில் கலந்திருந்தது. அந்நாளில் அந்நடிகையைத் திரையில் கண்டு ஏங்கிய பெண் அவர் முகத்தைக் கண்டிருப்பாளேயன்றி, மாத்திரையைக் கண்டிருக்கமாட்டாள்.

நட்சத்திரம் வேண்டாமெனில் கண்டிப்புத்தான் வழியோ என்று சிலர் கேட்பர். அதையும் நாம் செய்து பார்த்தோம். 1992இல் நம் பள்ளிகளில் பருத்த பிள்ளைகளுக்கெனத் தனி உடற்பயிற்சித் திட்டம் ஒன்று வந்தது. மிகுந்த எடையுடைய மாணவர் நூற்றுக்கு 14ஆக இருந்தது, 2006இல் 9.5ஆகக் குறைந்தது. பயன் இல்லை என்று கூறுவதற்கில்லை. ஆனால் இடைவேளையில் தோழர் பார்த்திருக்க ஓடிய பிள்ளையின் நாணத்தை எந்த அட்டவணையும் அளக்கவில்லை. டி.ஏ.எஃப். என்னும் அதன் சுருக்கப்பெயரைத் திருப்பிப் படித்தால் ஆங்கிலத்தில் 'பருத்தவன்' என்று பொருள்படும். கேலிக்கு அதுவே போதுமானதாயிற்று. 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லாப் பிள்ளைகளின் நலனையும் கருதும் பொதுத்திட்டம் வந்தது.

அப்படியானால் யாரைக் காட்டுவது? 1985இல் ஷங்க், ஹேன்சன் என்னும் அறிஞர் இருவர் கழித்தல் கணக்கில் இடர்ப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தனர். ஆசிரியர் செய்துகாட்டக் கண்டவர்களைவிட, தம்மையொத்த ஒரு பிள்ளை செய்துகாட்டக் கண்டவர்களே மிகுதியாகத் தேறினர். கணக்கிற்குப் பொருந்துவது உடலுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. தன்னைப் போன்ற ஒருவர், தன் கண்முன்னே, தடுமாறித் தடுமாறிச் செய்வதைக் காணவேண்டும்.

படங்களை அன்றே அகற்றினேன். அப்பிள்ளையின் உணவைப் பற்றி மருத்துவர் அறிவுரை கூறினார். சனிக்கிழமைகளில் பெற்றோர் சிலருடனும் பிள்ளைகளுடனும் பாசிர் ரிஸ் பூங்காவில், சதுப்புநிலக் காட்டின் பலகைப் பாதை வழியே நடக்கிறேன். நானும் பருத்தவனே. முதல்நாள் மூச்சு வாங்கி நடுவழியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தனர், பிறகு காத்திருந்தனர். அம்மாணவி இப்போது உயர்நிலைப் பள்ளியில் பயில்கிறாள். சில வாரம் வருகிறாள், சில வாரம் வருவதில்லை. அவள் எடையை நான் கேட்பதில்லை. நடந்து முடிந்தபின் எல்லோரும் அமர்ந்து இட்லியோ அவித்த கடலையோ உண்கிறோம். அவளும் உண்கிறாள்.

ஏடு நடத்துவோருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். நடிகரின் இரு படங்களைக் காட்டுவதானால், எத்தனை மாதம் ஆயிற்று, யார் சமைத்தார், யார் பயிற்சி தந்தார், எவ்வளவு செலவாயிற்று என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். "இவர் என்ன சாப்பிட்டார்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் விடை சொல்ல முடியாத படத்தைச் சுவரில் ஒட்டவேண்டாம்.