ஏகாரமும் உம்மையும்: அரசகரும மொழிச் சட்டங்கள் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு நாடு தனக்கென அரசகரும மொழியொன்றைச் சட்டத்தினால் விதித்துக்கொள்ளல் வேண்டுமா என்னும் வினா பல தேசங்களிலும் எழுப்பப்பட்டு வருவதொன்றாகும். வேண்டும் என்பார், ஒரு மொழியே ஒரு நாட்டு மக்களை ஒன்றாகப் பிணிக்கும் என்பர். வேண்டா என்பார், மொழி மக்கள் நாவில் வளர்வதன்றிச் சட்டப் புத்தகத்தில் வளர்வதன்று என்பர். இருசாராரும் பெரும்பாலும் மறந்துவிடும் செய்தியொன்றுண்டு. மொழிச் சட்டமும் மொழியால் ஆயதே. அது எந்த மொழியின் பெயரைச் சொல்கின்றது என்பதனை மட்டுமன்றி, அப்பெயரோடு எந்த இடைச்சொல்லைச் சேர்க்கின்றது என்பதனையும் பொறுத்தே அதன் பயன் அமையும். இலங்கையின் மொழிச் சட்டங்களை, ஓர் இலக்கிய நூலை நோக்குமாப்போலச் சொற்சொல்லாக நோக்கி, மேற்படி வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், தேசிய மொழி, அரசகரும மொழி என்னும் இரண்டினையும் வேறுபடுத்திக் கொள்ளல் வேண்டும். தேசிய மொழி என்பது ஒரு நாடு தன்னுடையதென்று போற்றும் மொழி. அஃது ஒரு மதிப்பு. அரசகரும மொழி என்பது, அரசு தன் குடிகளுக்குக் கடிதம் எழுதவும், தீர்ப்பு வழங்கவும், வரி கேட்கவும், முறைப்பாடு பதியவும் கையாளும் மொழி. அஃது ஒரு கடமை. மதிப்பைக் கொடுத்துக் கடமையை மறுத்தல் எளிது. அவ்வாறு நிகழ்ந்தமைக்கு எமது நாட்டுச் சட்டவரலாறே சான்றாதலைப் பின்னர்க் காண்போம்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். இடைச்சொல்லியலிலே நன்னூலார் ஏகாரத்துக்கு ஆறு பொருளும் உம்மைக்கு எட்டுப் பொருளும் வகுத்துரைத்தார். அவற்றுள் ஈண்டைக்கு வேண்டியன மூன்று. கூட்டத்தினின்றும் ஒன்றனைப் பிரித்து நிறுத்துவது பிரிநிலை ஏகாரம். பலவற்றை ஒருநிகராக எண்ணி நிறுத்துவது எண்ணும்மை. சொல்லப்பட்ட ஒன்றோடு பிறிதொன்றனைத் தழுவி நிற்பது எச்சவும்மை. ‘மாப்பிள்ளையும் பெண்ணும் மணவறைக்கு வந்தனர்’ என்புழி இருவரும் நிகர். ‘மாப்பிள்ளை வந்தார், தோழனும் வந்தான்’ என்புழி, வந்தவர் இருவரேயாயினும், எவர் பொருட்டு அச்சபை கூடிற்று என்பது கேட்போர்க்கு விளங்கும். இலங்கையின் மொழிப் பிரச்சினை முழுவதும் இம்மூன்று இடைச்சொற்களுள் அடங்கும் எனினும் அமையும்.

ஆங்கிலேயர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் எழுந்த சுயமொழி இயக்கத்தின் நியாயத்தை எவரும் மறுத்தற்கில்லை. நாட்டு மக்களுட் சிறுபான்மையோரே அறிந்த ஆங்கிலத்தில் நீதிமன்றங்கள் நடைபெற்றன. தன்மேற் சாட்டப்பட்ட குற்றத்தைத் தன் மொழியிற் கேளாமலே ஒருவன் தண்டனை பெறுதல் கூடும். இக்குறை சிங்களக் கமக்காரனுக்கும் தமிழ்க் கமக்காரனுக்கும் பொதுவாயிருந்தது. 1944ஆம் ஆண்டில் ஜே. ஆர். ஜயவர்த்தன அவர்கள் சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையை அரசாங்க சபையிற் கொண்டுவந்தபோது, தமிழையும் சேர்த்தல் வேண்டுமென வி. நல்லையா அவர்கள் முன்வைத்த திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இரு மொழிகளும் அரசகரும மொழிகளாவதிலே தமக்கு மறுப்பில்லை என்று அவ்விவாதத்தில் உரைத்தோருள் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அவர்களும் ஒருவர். ஆகவே, தொடக்கத்தில் எமது நாடு தெரிந்துகொண்டது எண்ணும்மையே.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அவ்வும்மை நீங்கி ஏகாரம் புகுந்தது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் மூன்றே பிரிவுகளைக் கொண்ட மிகச் சிறிய சட்டம். சிங்கள மொழியே இலங்கையின் ஒரே அரசகரும மொழியாதல் வேண்டும் என்பது அதன் சாரம். உடனடியாக மாற்றம் செய்ய இயலாத கருமங்களுக்கு 1960ஆம் ஆண்டின் இறுதிவரை தவணை கொடுத்ததன்றி வேறெதனையும் அது பேசவில்லை. அதில் ‘தமிழ்’ என்னும் சொல்லே இல்லை. ஒரு மொழியைத் தடை செய்வதற்கு அதன் பெயரைக் கூறவேண்டியதில்லை. பிரிநிலை ஏகாரம் ஒன்றே போதும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணத்தை இலக்கண ஆசிரியன் தேடிப் பெறமாட்டான். ஒருமொழி எனின் இரு நாடு, இருமொழி எனின் ஒரு நாடு என்னும் கருத்துப்பட அன்று பாராளுமன்றத்தில் எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா அவர்கள். ஆயின், 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பை ஆக்கும் பொறுப்பை ஏற்ற அமைச்சரும் அவரே என்பதும், 1956ஆம் ஆண்டின் ஏகாரத்தை அவ்வரசியலமைப்பு அப்படியே தன்னுட் பொதிந்துகொண்டது என்பதும் வரலாற்றின் விந்தைகளாம்.

ஏகாரம் ஏட்டளவில் நின்றிலது. கோடீஸ்வரன் என்னும் தமிழ் எழுதுவினைஞர், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியெய்தாமையால், 1961ஆம் ஆண்டின் திறைசேரிச் சுற்றறிக்கையின்படி சம்பள ஏற்றம் மறுக்கப்பெற்றார். அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், சமூகங்களுக்கிடையே பாரபட்சம் காட்டும் சட்டங்களைத் தடுத்த அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு மொழிச் சட்டம் முரணானது எனத் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மீது வழக்கிடல் ஆகாது என்னும் வேறொரு காரணத்தால் அத்தீர்ப்பை மாற்றிற்று. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம், வழக்கிடல் ஆகும் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்னும் தலையாய வினாவை உயர் நீதிமன்றமே ஆராயுமாறு திருப்பி அனுப்பிற்று. அதற்கு விடை பிறக்குமுன்னர் 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வந்துவிட்டது; 29ஆம் பிரிவும் உடன் மறைந்தது. ஓர் எழுதுவினைஞரின் சிறு சம்பள ஏற்றத்திற் பிறந்த அப்பெருவினா விடை பெறாமலே ஒழிந்தது.

ஏகாரத்தின் கடுமையைத் தணிக்க முயன்ற சட்டங்களும் உள. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் கல்வியிலும், அரசசேவைப் பரீட்சைகளிலும், கடிதத் தொடர்பிலும் தமிழுக்கு இடமளித்தது. நிருவாகத்தில் தமிழ் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் அளவில் நின்றது. இதனையே அக்கால அரசியல் மேடைகளில் தமிழின் ‘நியாயமான உபயோகம்’ என வழங்கினர். நியாயமான என்னும் பெயரெச்சத்தை ஈண்டு நோக்குக. அளவுகோல் எவர் கையில் உள்ளது என்பதனை அது கூறவில்லை. அச்சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகள் ஆக்கப்பெற்றது 1966ஆம் ஆண்டிலேயாம். எட்டு ஆண்டுகள் காத்திருந்த நியாயத்தை எவ்வாறு நியாயம் என்பது?

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இன்னொரு வழியைக் கண்டது. அதன் 18ஆம் உறுப்புரையில் அரசகரும மொழி சிங்களம். 19ஆம் உறுப்புரையில் தேசிய மொழிகள் சிங்களமும் தமிழும். மேலே கூறிய வேறுபாடு ஈண்டுத் தெற்றென விளங்கும். மதிப்பினைக் கூறும் உறுப்புரையில் எண்ணும்மை. கடமையைக் கூறும் உறுப்புரையில் ஏகாரத்தின் நிழல். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் 18ஆம் உறுப்புரையில் மேலும் சில வாக்கியங்களைச் சேர்த்தது. அரசகரும மொழி சிங்களம் என்னும் பழைய வாக்கியம் அவ்வாறே நிற்க, தமிழும் ஓர் அரசகரும மொழி என்பது இரண்டாவதாயிற்று. ஆங்கிலம் இணைப்பு மொழி என்பது மூன்றாவதாயிற்று. பத்தொன்பதாம் உறுப்புரையிற் போலச் ‘சிங்களமும் தமிழும்’ என ஒரே வாக்கியத்தில் எண்ணி நிறுத்துதல் அரிதன்று. அவ்வாறு செய்யாது, இரண்டாம் வாக்கியத்தில் எச்சவும்மை கொடுத்து நிறுத்தினர். மாப்பிள்ளை வந்தார், தோழனும் வந்தான்.

இஃது இலக்கண ஆசிரியனின் வீண் நுணுக்கம் எனச் சிலர் எண்ணக்கூடும். அன்னார் எமது பாராளுமன்றம் ஆக்கும் சட்டங்களின் இறுதிப் பிரிவை எடுத்து நோக்குவாராக. சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை ஏதும் காணப்படின் சிங்கள உரையே மேலோங்கும் என்பது ஆண்டாண்டு தோறும் அவற்றில் எழுதப்பட்டு வருகின்றது. சட்டம் ஒன்றுக்கு ஓர் இறுதியுரை வேண்டும் என்பது உண்மையே. ஆயின், அவ்வுரை எப்பொழுதும் ஒரு மொழியதாகவே அமையவேண்டும் என்பது எந்த நியாயம்? உம்மையினால் தந்ததனை ஏகாரத்தினால் மீளப் பெறுகின்றனர் என்பதன்றி வேறென்ன சொல்வது?

எனினும் பதின்மூன்றாம் திருத்தமும், அடுத்த ஆண்டில் வந்த பதினாறாம் திருத்தமும் பயனற்றன என்று யான் கூறவில்லை. நாட்டின் எப்பகுதியில் வாழும் குடிமகனும் தமிழில் அரசோடு தொடர்புகொள்ளும் உரிமையை அவை எழுத்தில் நிறுத்தின. மலையகத் தமிழரும், தென்னிலங்கை முஸ்லிம்களும் இதனாற் பயன் பெறவேண்டியவராவர். 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2007ஆம் ஆண்டு முதல் அரசசேவையிற் புதிதாகச் சேர்வோர் மற்றை அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்னும் விதி வந்தது. எழுத்தில் உள்ளது ஏன் மேசைக்கு வரவில்லை என்பதே எஞ்சிய வினா.

சில ஆண்டுகளுக்கு முன் எனது மாணவன் ஒருவனின் தாயார் ஒரு கடிதத்தை என்னிடம் கொணர்ந்தார். கணவனை இழந்தவர், காணி உறுதி ஒன்றின் பொருட்டு அலைந்துகொண்டிருந்தவர். கடிதம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. “மாஸ்டர், இதிலை என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ” என்றார். இருபது ஆண்டுகள் மொழி கற்பித்த யான் அதில் ஓரெழுத்தும் அறியேன். முன்னாளிலே தென்னிலங்கையிற் சுருட்டுக்கடை வைத்திருந்த முதியவர் ஒருவரைத் தேடிச் சென்றோம். அவர் வாசித்தார், வாசித்த பின் சற்று நேரம் பேசாதிருந்தார். விசாரணைக்கு வருமாறு குறித்த நாள் கழிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. அம்மையார் எவரையும் நோகவில்லை. கடிதத்தை மடித்துப் பையினுள் வைத்துக்கொண்டு சென்றார். அன்று யான் நாணியது இரண்டின் பொருட்டு: அரசு தன் கடமையைச் செய்யவில்லை; அண்டை வீட்டான் மொழியை யானும் கற்றேனல்லேன்.

சிங்கள மக்களின் அச்சத்தையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். தமிழ் கடல் கடந்தும் கோடிக்கணக்கானோராற் பேசப்படுவது; சிங்களத்துக்கோ இத்தீவையன்றி வேறு நிலமில்லை என்பர். இது பொய்யன்று. ஆயின், ஒரு மொழியை அழியாது காப்பது அதன் இலக்கியமும், பள்ளியும், அதைப் பேசுவோர் பற்றுமேயன்றி, அயல்மொழியாளனின் விளங்காமை அன்று. மேற்கூறிய அம்மையாருக்குத் தமிழிற் கடிதம் சென்றிருப்பின் சிங்களம் எதனை இழந்திருக்கும்?

பிற நாடுகளையும் சுருக்கமாக நோக்குவாம். சுவிட்சர்லாந்து 1848ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மூன்றையும் ஒருசேர எண்ணிற்று. நூற்றுக்கு ஒருவர்தாமும் பேசாத ரோமாஞ்சு மொழியை 1938இல் மக்கள் வாக்கினால் தேசிய மொழியாக்கிற்று; 1996இல் அம்மொழி பேசுவோருடனான தொடர்புகளில் அரசகரும மொழியாகவும் ஆக்கிற்று. ஆண்டும் மதிப்புக்கும் கடமைக்கும் இடையே ஐம்பத்தெட்டு ஆண்டுகள் சென்றமை நோக்கத்தக்கது. சிங்கப்பூரிலே தேசிய மொழி மலாய். பெரும்பான்மையோரான சீனரின் மொழியன்று. அரசகரும மொழிகளோ மலாய், மன்டரின், தமிழ், ஆங்கிலம் என நான்கு. நடைமுறையில் ஆங்கிலமே அங்கு மேலோங்கி நிற்பினும், சட்டத்தின் உம்மை எண்ணும்மையே. இந்திய அரசியலமைப்பு இந்தியை ஒன்றிய அரசின் அரசகரும மொழி எனக் கூறியதேயன்றி எம்மொழியையும் தேசிய மொழி எனப் பெயரிட்டிலது. 1965இல் ஆங்கிலம் விலகவேண்டிய காலம் வந்தபோது சென்னை மாநிலத்தில் எழுந்த கிளர்ச்சியின் பின், 1967ஆம் ஆண்டின் திருத்தத்தால் ஆங்கிலத்தின் தொடர்ச்சி உறுதி பெற்றது. ஏகாரத்தைப் பிற்போட்டதனால் அந்நாடு சிதைந்திலது.

ஆகவே, ஒரு நாடு அரசகரும மொழியை விதித்துக்கொள்ளல் வேண்டுமா என்னும் வினாவிற்கு எமது விடை இதுவாகும். விதித்தல் தவறன்று, அரசு எம்மொழியிற் பேசக் கடமைப்பட்டது என்பதனைக் குடிமகன் அறிந்திருத்தல் நன்றே. ஆயின், அச்சட்டம் குடிமகனுக்கு இட்ட கட்டளையாகாது, அரசு தனக்கே இட்டுக்கொண்ட கட்டளையாதல் வேண்டும். மக்கள் பல மொழியினராய் வாழும் நாட்டில் அம்மொழிகளை எண்ணும்மையால் நிறுத்துதல் வேண்டும். 1944ஆம் ஆண்டில் அரசாங்க சபை எய்திய அம்முடிவுக்கு மீளுதல் எவர்க்கும் இழுக்காகாது.

எமது பக்கத்துக் கடமையும் உண்டு. உரிமை கேட்போர் தம் மொழியிற் பிழையின்றி ஒரு விண்ணப்பம் எழுதப் பழகுதல் வேண்டும். தமிழிற் பதில் வருமளவும் தமிழிலேயே எழுதுதல் வேண்டும். அத்துடன் சிங்களத்தையும் விரும்பிக் கற்றல் வேண்டும். சட்டத்தின் அச்சத்தாற் கற்ற மொழி பரீட்சையோடு ஒழியும். அயலவன் மொழியென்று கற்ற மொழி நிலைக்கும். அம்மையாரின் கடிதத்தைக் கண்ட மறு மாதம் யான் சிங்கள அரிச்சுவடி வாங்கினேன். அடுத்த கடிதம் வருமாயின் அதனை வாசித்துக் கூறுவேன். ஆயினும் அது தமிழில் வருதல் வேண்டும் என்பதே எனது துணிபு.